எக்ஸல் ஷீட்டில் இல்லாத சிவப்பு! - 'ஐ ஸா ரெட்' என்றால் எந்த ரெட்?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. இரவு பத்தரை மணி. படுக்கப்போகும் நேரத்தில் போன். எடுத்தால், அக்கா மகன்.

"மாமா, தூங்கிட்டீங்களா? ஒரே ஒரு டவுட்டு. 'ஐ ஸா ரெட்'னா என்ன அர்த்தம்?"

முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் குடும்பத்தில் யாருக்கு எந்த வார்த்தையில் சந்தேகம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அரைத் தூக்கத்திலேயே பதில் சொன்னேன்.

"கோபம் தலைக்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம் மாப்ளே. யார் சொன்னது?"

எதிர்முனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அய்யய்யோ..." என்று மட்டும் கேட்டது.

விஷயம் இதுதான். அவன் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். எட்டு மாதம் புராஜெக்ட் எதுவும் இல்லாமல் 'பெஞ்ச்'சில் உட்கார்ந்திருந்து, எப்போது வீட்டுக்கு அனுப்புவார்களோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, இங்கிலாந்து கிளையன்ட் ஒருவரின் வேலை கிடைத்தது. ஆன்லைனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குச் சாமான் அனுப்பும் வியாபாரம். அவர்களுடைய வெப்சைட்டில் பணம் கட்டும் பகுதியை இவனுடைய டீம் பார்த்துக்கொள்கிறது. வாரா வாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்புவது இவன் பொறுப்பு.

அந்த ரிப்போர்ட் ஓர் எக்ஸல் ஷீட். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கட்டம். சரியாகப் போய்க்கொண்டிருந்தால் பச்சை, கொஞ்சம் இழுத்தால் ஆரஞ்சு, மாட்டிக்கொண்டால் சிவப்பு. டிராஃபிக் சிக்னல் மாதிரி. ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், இந்த மூன்று நிறங்களுக்காக அவர்கள் படும் பாட்டைச் சொல்வார்கள். "இதை ரெட்னு போட்டா மேல இருந்து போன் வரும், ஆம்பர்னு போடு" என்று ஒரு பேச்சுவார்த்தையே நடக்கும்.

அந்த வாரம் கிளையன்ட் பக்கத்திலிருந்து ஒரு மேடம் இரண்டே வரியில் மெயில் அனுப்பியிருந்தார். முதல் வரி: 'வென் ஐ ஓப்பன்ட் திஸ் வீக்ஸ் ரிப்போர்ட், ஐ ஸா ரெட்.' இந்த வார ரிப்போர்ட்டைத் திறந்தபோது நான் சிவப்பைப் பார்த்தேன்! இரண்டாவது வரியில், இது மூன்றாவது வாரம் என்று இருந்தது.

இவன் பதறிப்போய் ஷீட்டைத் திறந்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடினான். ஃபில்டர் போட்டுத் தேடினான். எங்குமே சிவப்பு இல்லை. எல்லாக் கட்டமும் பச்சைப்பசேல். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, மிகப் பணிவாக ஒரு பதில் அனுப்பினான்.

'டியர் மேடம், வி ஹேவ் செக்ட் தி ஷீட். தேர் இஸ் நோ ரெட். கைண்ட்லி ஷேர் தி ஸ்கிரீன்ஷாட்.'

கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "உங்கள் கோபம் எங்கே இருக்கிறது? போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டதற்குச் சமம் இது.

இருபது நிமிடத்தில் அடுத்த மெயில் வந்தது. இந்த முறை இவனுக்கு இல்லை, இவனுடைய மேனேஜருக்கு. இந்தப் பையனை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்று. இவனுக்கு ஒரு காப்பி. அதைப் பார்த்த பிறகுதான் 'ரெட்' என்ற வார்த்தையில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்து எனக்குப் போன் அடித்திருக்கிறான். மறுபடி பெஞ்சுக்குப் போனால் இந்தத் தடவை அவ்வளவுதான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மேனேஜர் காலைல ஒன்பது மணிக்குப் பேசலாம்னு சொல்லியிருக்கார் மாமா. அதுக்குள்ள ஏதாவது பண்ணணும்."

தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சிவப்புக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

'ஸீ ரெட்' என்பது ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர். திடீரென்று, கட்டுக்கடங்காமல் வரும் கோபத்தைக் குறிக்கும். 1900-ம் ஆண்டை ஒட்டித்தான் இது அச்சில் பரவலாகத் தென்பட ஆரம்பித்தது. அப்படிப் பார்த்தால் இளசான தொடர்தான். 

ஏன் சிவப்பு என்று கேட்டால் ஆங்கிலேயர்கள் உடனே ஸ்பெயின் நாட்டு மாட்டைக் கைகாட்டுவார்கள். காளைச் சண்டையில் வீரர் சிவப்புத் துணியை ஆட்டுகிறார், அதைப் பார்த்ததும் காளைக்கு வெறி பிடிக்கிறது, அதேபோல மனிதனும் சிவப்பைப் பார்த்தவனாக வெறிகொள்கிறான் என்று விளக்கம். 'காளைக்குக் காட்டிய சிவப்புத் துணி போல' என்று தனியாக ஒரு தொடரும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாவம், மாட்டுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம் கண்ணுக்குள் நிறத்தை அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மாட்டுக்கு இரண்டே வகைதான். சிவப்பைத் தனி நிறமாகப் பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை அதற்குக் கிடையாது. நமக்குப் பளீரென்று தெரியும் சிவப்பு, அதற்கு ஏதோ ஒரு மங்கிய நிறம். துணியின் ஆட்டம்தான் அதைச் சீண்டுகிறது.

காளைச் சண்டையை முழுதாகப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். சண்டையின் முதல் கட்டங்களில் வீரர் கையில் இருப்பது சிவப்புத் துணியே இல்லை. 'கபோத்தே' எனப்படும் பெரிய அங்கி மாதிரியான துணி. ஒரு பக்கம் அடர்ந்த ரோஸ் நிறம், மறுபக்கம் பெரும்பாலும் மஞ்சள். அதைப் பார்த்தும் காளை அதே வேகத்தில்தான் பாய்கிறது. குச்சியில் மாட்டிய சின்னச் சிவப்புத் துணி, 'முலேட்டா', கடைசிக் கட்டத்தில் மட்டும்தான் வெளியே வரும்.

டிஸ்கவரி சேனலில் வந்த 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் 2007-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று நிறக் கொடிகளை ஆட்டினார்கள். காளை மூன்றையும் முட்டியது. பிறகு சிவப்பு உடை போட்ட ஒருவரை அசையாமல் நிற்கவைத்து, மற்ற ஆட்களை ஓடச் சொன்னார்கள். சிவப்புச் சட்டைக்காரரை விட்டுவிட்டு, ஓடியவர்களைத்தான் துரத்தியது காளை.

எங்கள் ஊரில் சின்ன வயதில், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போகாதே என்று மிரட்டுவார்கள். என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை சிவப்பு. தீபாவளியன்று கூட சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்!

சரி, மாடு காரணமில்லை என்றால் வேறு யார்? மனிதனேதான். கோபம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது, முகத்துக்கு ரத்தம் பாய்கிறது, முகம் சிவக்கிறது. சார்லஸ் டார்வின் 1872-ல் மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். கோபத்தில் முகம் சிவப்பதையும், சிலருக்கு மாறாக வெளிறிப்போவதையும், கண்ணில் ரத்தம் கட்டினாற்போல் ஆவதையும் அதில் குறித்திருக்கிறார். உலகம் முழுக்க மனிதர்கள் ஒரே மாதிரிதான் முகம் காட்டுகிறார்களா என்று தெரிந்துகொள்ள, பல நாடுகளில் இருந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அவருக்குப் பதில்கள் போயின.

நம்ம ஊர்க் கோபத்துக்கு என்ன நிறம்?

ஆச்சரியமான விஷயம் ஒன்று சொல்கிறேன். நிறத்துக்கும் கோபத்துக்கும் உள்ள உறவை இங்கிலீஷ்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் இலக்கணமாகவே எழுதிவைத்துவிட்டார்கள். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் உரியியல் பகுதியைப் புரட்டுங்கள். கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் பொருள் சொல்லும்போது, இவை வெகுளியைக் குறிக்கும் என்கிறது அது. வெகுளி என்றால் கோபம். (இப்போது நாம் அப்பாவியை 'வெகுளி' என்கிறோம். சொற்கள் இப்படியும் ஆளை மாற்றும்!) இவை நிறத்தையும் குறிக்கும் என்று அதற்கு அடுத்துத்தான் சொல்கிறது. முதலில் கோபம், பிறகுதான் பெயின்ட்!

கறுப்பும் சிவப்பும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கோபம். கண் சிவக்கும் கோபம் உடனே வருவது, வெளியே தெரிவது. "மனசுக்குள்ளேயே கறுவிக்கிட்டு இருக்கான்" என்கிறோமே, அது நாள்கணக்கில் உள்ளே வைத்திருப்பது. கல்யாண வீட்டில் சரியாக வரவேற்கவில்லை என்றால் மாமாவின் முகம் 'கறுத்துப்போகும்'. சிவக்காது. சிவந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு அன்றைக்கே முடிந்திருக்கும். கறுத்த முகம் அடுத்த தலைமுறைக் கல்யாணம் வரை வரும்.

இங்கிலீஷ்காரரின் 'ஸீ ரெட்' இந்த இரண்டில் முதல் வகை மட்டும்தான். பழைய பகை, மனத்தாங்கல் எதற்கும் அதைப் பயன்படுத்த முடியாது. சட்டென்று வந்து சட்டென்று போவதற்கு மட்டுமே அது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தமிழில் கோபக்காரனின் கண் சிவக்கிறது. அதை எதிரே நிற்கிறவர் பார்க்கிறார். ஆங்கிலத்தில் கோபக்காரனே சிவப்பைப் பார்க்கிறான். கண்ணுக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கும் பார்வை அது. முன்னால் இருக்கும் ஆள், அவர் வயது, செய்த உதவி, நாளைக்கு வரப்போகும் விளைவு எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு நிறம் மூடிவிட்டது.

அதற்குச் சரியான தமிழ், 'கண் சிவந்தது' இல்லை. 'கண் மண் தெரியாத கோபம்' என்போமே, அதுதான். "கோவம் கண்ணை மறைச்சிடுச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்களே, அதேதான். அவர்களுக்கு ஒரே நிறம் தெரிகிறது, நமக்கு ஒன்றுமே தெரியவில்லை. சேருகிற இடம் ஒன்றுதான்.

"மாமா, இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் அவன். அவன் அவசரம் அவனுக்கு. ஆனால் விஷயமே அங்கேதான் இருந்தது என்பதால் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

சிவந்தேன் என்றால் வெட்கப்பட்டேன்!

இந்தத் தொடரை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் நம்மவர்கள் வழுக்கும் இடங்கள் சில உண்டு. வகுப்பில் ஆண்டுக்கணக்கில் பார்த்தவை.

தமிழில் யோசித்து, 'என் கண் சிவந்தது' என்பதை அப்படியே 'மை ஐஸ் பிகேம் ரெட்' என்று எழுதுவார்கள். படிக்கும் வெள்ளைக்காரர் உங்களுக்குக் கோபம் என்று நினைக்கமாட்டார். அழுதிருக்கிறீர்கள், அல்லது தூங்கவில்லை, அல்லது நம்ம ஊர் பாஷையில் 'மெட்ராஸ் ஐ' வந்திருக்கிறது என்று நினைத்து, கண் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்.

இன்னும் மோசம், 'ஐ வென்ட் ரெட்'. 'நான் சிவந்துபோனேன்' என்று நினைத்து எழுதுவது. அதற்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் வெட்கத்தில், கூச்சத்தில் முகம் சிவந்தது என்று பொருள். கோபத்தில் என்றால் 'வித் ஆங்கர்' என்று கூடவே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மாணவர் கடைக்காரர் ஏமாற்றியதைப் பற்றிக் கடிதம் எழுதச் சொன்னபோது, மீதிச் சில்லறை தராததால் நான் வெட்கத்தில் சிவந்தேன் என்ற அர்த்தத்தில் எழுதிக்கொடுத்தார். கடைக்காரர் குழம்பியிருப்பார்.

'ஸா ரெட்' என்பதில் நடுவில் 'எ', 'தி' எதுவும் வராது. 'ரெட் கலர்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் நிஜமாகவே சிவப்பு நிறத்தைப் பார்த்ததாக ஆகிவிடும். யார் மேல் கோபம் என்பதையும் அதோடு ஒட்டவைக்க முடியாது. 'ஐ ஸா ரெட் ஆன் ஹிம்' என்பது கிடையாது. அவன் இதைச் செய்தபோது எனக்குக் கண் மண் தெரியவில்லை என்கிற மாதிரி, 'வென்' போட்டு, நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அந்த மேடம் எழுதியதும் அப்படித்தான்.

அடிக்கடி எரிச்சலூட்டும் விஷயத்துக்கு 'இட் மேக்ஸ் மீ ஸீ ரெட்' என்பார்கள். ரயில்வே கவுன்டரில் வரிசையில் நிற்கும்போது ஒருவர் பக்கவாட்டில் கையை நீட்டி, "சார், ஒரே ஒரு ஃபார்ம்தான்" என்கிறாரே, அப்போது தாராளமாகச் சொல்லலாம். நண்பர்களிடம், வீட்டில், பழகிய அலுவலகத்தில் பேச்சுவாக்கில் சொல்வதற்கு ஏற்றது. புகார் மனுவில், கோர்ட்டுக்குப் போகும் காகிதத்தில் எழுதாதீர்கள். கோபத்தில் தன்னை மறந்தேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், ரெட் என்றால் எல்லா இடத்திலும் கோபம் இல்லை. 'இன் தி ரெட்' என்றால் கணக்கில் நஷ்டம். நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதிய காலத்து மிச்சம். 'ரெட் ஹேண்டட்' என்றால் கையும் களவுமாக. ஸ்காட்லாந்தில் 15-ம் நூற்றாண்டிலேயே கையில் ரத்தக்கறையோடு பிடிபடுவதைக் குறித்த சட்டச்சொல்லிலிருந்து வந்தது. 'ரெட் டேப்' நம் அரசு அலுவலகச் சிவப்பு நாடா. 'ரெட் லெட்டர் டே' நல்ல நாள். நம் வீட்டுத் தினசரி காலண்டரில் லீவு நாள் சிவப்பில் இருக்கிறதே, அதே மாதிரி பழைய தேவாலய நாள்காட்டிகளில் திருநாள்களைச் சிவப்பில் எழுதினார்கள். அந்த நாளைப் பார்த்து யாருக்காவது கோபம் வருமா?

கால்பந்து செய்தி படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஒரு வீரர் 'ஸீஸ் ரெட்' என்று தலைப்பு இருந்தால் அவருக்குக் கோபம் வந்தது என்றும் இருக்கலாம், ரெட் கார்டு வாங்கினார் என்றும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டுமே. 2006 ஜூலை 9, பெர்லின் மைதானம், உலகக் கோப்பை இறுதிப்போட்டி. பிரான்ஸின் ஜினெடின் ஜிடேனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 110-வது நிமிடம், இத்தாலியின் மாட்டராஸி ஏதோ சொல்ல, திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் ஒரே முட்டு. ரெட் கார்டு. கோப்பையைத் தாண்டி அவர் தலைகுனிந்து நடந்துபோன அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலி ஜெயித்தது. அந்த ஒரு நொடியில் அவருக்கு எதிரே தெரிந்தது கோப்பையா, தன் இத்தனை வருடப் பெயரா? எதுவும் தெரிந்திருக்காது. ஆங்கிலத்தில் இதற்கு 'ரெட் மிஸ்ட்' என்று ஒரு சொல் உண்டு. சிவப்பு மூடுபனி.

அந்தச் சிவப்பு அட்டையே டிராஃபிக் சிக்னலிலிருந்து வந்ததுதான். கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர், 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்தில் நடந்த ரகளைக்குப் பிறகு காரில் போய்க்கொண்டிருந்தபோது சிக்னல் விளக்கைப் பார்த்து யோசித்தது. 1970 உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்துவிட்டன. என் அக்கா மகனின் எக்ஸல் ஷீட்டும் அந்த மைதானமும் ஒரே சிக்னலில் நின்று கிளம்பியவைதான்.

பச்சையைப் பார்த்துச் சிவந்தவர்

இப்போது அவன் கதைக்கு வருகிறேன். "ஷீட்டு பூரா பச்சைதானே போட்டிருந்தே? அப்புறம் ஏன் அந்த அம்மாவுக்குக் கோபம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் இழுத்துவிட்டு உண்மையைச் சொன்னான். வெப்சைட்டில் பணம் கட்டும்போது சிலருக்குக் கார்டிலிருந்து இரண்டு தடவை பணம் எடுக்கப்படுகிறது. மூன்று வாரமாக இந்தப் பிரச்னை. இவர்கள் அதைச் சரிசெய்ய ஒரு திட்டம் போட்டு, எந்தத் தேதிக்கு எந்த வேலை என்று எழுதி, தேதி தவறாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். திட்டப்படி போகிறது, அதனால் பச்சை. விதிமுறைப்படி அது தப்பும் இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு நாளும் பணம் பறிகொடுத்தவர்கள் அந்த மேடத்துக்குத்தான் போன் பண்ணித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டையெல்லாம் வாங்கிவிட்டு வந்து ரிப்போர்ட்டைத் திறந்தால், எல்லாம் பச்சை. எல்லாம் சுபம்!

ஐ.டி.காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவனே சொன்னான். தர்பூசணி ரிப்போர்ட். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

"அப்ப அந்த அம்மா சிவப்பைப் பார்த்தது சரிதானே?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

அந்த மெயிலை மறுபடி வாசிக்கச் சொன்னேன். 'ஐ ஸா ரெட்'. 'ஸீ' இல்லை, 'ஸா'. இறந்தகாலம். "திறந்தப்போ எனக்குக் கண் மண் தெரியல" என்கிறார். அப்படியென்றால் எழுதும்போது தெரிந்திருக்கிறது. கத்துகிறவர்கள் நான் கத்துகிறேன் என்று சொல்வதில்லை. கோபத்தின் உச்சியில் இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டார், நேராக மேனேஜருக்கு எழுதியிருப்பார். கோபம் வந்ததை உன்னிடம் சொல்லிவிட்டு, நீ என்ன சொல்லப்போகிறாய் என்று பார்த்திருக்கிறார். கதவு அப்போது திறந்துதான் இருந்தது. நீ போய் ஸ்கிரீன்ஷாட் கேட்டாய்.

"மூடிட்டாங்களே மாமா."

"தட்டிப் பாரு."

இப்படிச் சொல்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. 'ஐ கேன் ஸீ வை'. ஏன் என்று எனக்கும் தெரிகிறது. மூன்றே வார்த்தைக்குக் கொஞ்சம் அதிகம். நம் பாஷையில், "உங்க கோபம் நியாயம்தாங்க." இதைச் சொல்லாமல் 'சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்' என்று எழுதினால் அது பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கும்.

அவன் தட்டிக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்த்தை தேடிக் கொடுக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். 'ஸா ரெட்' என்ற தொடர் தனக்குத் தெரியாது என்றும், சிவப்புக் கட்டத்தைத் தேடிக்கொண்டிருந்ததாகவும் அப்படியே எழுதினான். நீங்கள் ஏன் கோபப்பட்டீர்கள் என்று இப்போது புரிகிறது, அந்த வரி பச்சையாக இருந்திருக்கக் கூடாது, நானாக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருப்பேன் என்று எழுதினான். அந்தக் கட்டத்தைச் சிவப்பாக மாற்றி, ரிப்போர்ட்டை மறுபடி இணைத்தான். எத்தனை பேருக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது என்ற கணக்கையும் முதல் தடவையாகச் சேர்த்தான். அனுப்பும்போது மணி பதினொன்றே முக்கால்.

"அனுப்பிட்டேன். கை நடுங்குது" என்றான்.

அவன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குத்தான் திட்டு விழுந்திருக்கும். "நீ இங்கிலீஷ் வாத்தியார்னு பேரு, புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரலியா?" என்று.

காலையில் ஏழு மணிக்கெல்லாம் போன். ராத்திரியே பதில் வந்திருக்கிறது. தூங்கிப்போய்விட்டதால் இவன் பார்க்கவில்லை. 'தேங்க் யூ. ஐ டிட் லாஃப் அபவுட் தி ஸ்கிரீன்ஷாட்' என்று ஆரம்பித்திருந்தார் அந்த மேடம். ஸ்கிரீன்ஷாட் விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டாராம். ஆளை மாற்றச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஒரு மாதம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறார். இவன் மேல் சீனியர் ஒருவரை உட்காரவைத்து, ரிப்போர்ட் அவர் பார்த்த பிறகுதான் போக வேண்டும் என்று உத்தரவு. பெஞ்ச் என்ற பேச்சு வரவில்லை.

பணம் இரட்டையாகப் போகும் பிரச்னை அடுத்த இரண்டு வாரத்தில் தீர்ந்தது. அதுவரை அந்தக் கட்டம் சிவப்பாகவே இருந்ததாம். "ரெட்டு போட்டா இவ்வளவு நிம்மதியா இருக்கும்னு தெரியாது மாமா" என்றான்.

போன வெள்ளிக்கிழமை, நான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மறுபடி போன். ரிப்போர்ட் அனுப்பி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அந்த மேடத்திடமிருந்து ஒரே வரி: 'நோ ரெட் திஸ் வீக்!'

"சந்தோஷம்தானே மாப்ளே?"

"சந்தோஷம்தான் மாமா. ஆனா இது எந்த ரெட்டு?"